எடிட்டர் திறந்த கோப்பும் கம்பைலர் எடுத்த கோப்பும்

1. செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி

என் மனைவி வசந்தா இறந்த பிறகு நாற்பது நாள் விடுப்பில் இருந்தேன். வேலைக்குத் திரும்பிய நான்காம் வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, உடுமலைப்பேட்டையிலிருந்து செல்லமுத்து என்ற கொப்பரை வியாபாரி என் கைபேசிக்கு அழைத்தார்.

கோவை கணபதியில் உள்ள எங்கள் நிறுவனம் உலர்த்திகளுக்கும் பம்புகளுக்கும் கன்ட்ரோலர், அதாவது அவற்றை இயக்கி நிறுத்தும் மின்னணுப் பெட்டி, செய்கிறது. ஓய்வு பெற்ற பின்னும் நான் அங்கே ஆலோசகனாகப் போய்க்கொண்டிருந்தேன். செல்லமுத்து புதிதாக வாங்கியிருந்த கொப்பரை உலர்த்தியில் எங்கள் கன்ட்ரோலர் இருந்தது. அதற்குள் ஓடும் நிரல் என் பொறுப்பு.

அவர் முதலில் என் நலம் விசாரித்தார். சாப்பிட்டேனா என்று கேட்டார். பிள்ளைகள் ஊருக்குத் திரும்பிவிட்டார்களா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"ஒண்ணுமில்லீங்க சார். மிசினு அறுவத்தஞ்சுல நிக்கும்னு சொன்னீங்க. அது எழுவத்தெட்டுல போய் நிக்குதுங்க. நேத்து ஏத்துன பருப்பு அம்புட்டும் செவந்துபோச்சுங்க. செரி, அது போகுதுங்க. இன்னைக்கு வெடியக்காலையே ஆளுக வந்து பன்னெண்டாயிரம் காய் ஒடைச்சுப்போட்டாங்க. வானம் வேற மூடிக்கிட்டுக் கெடக்குது. பொழுதுக்குள்ள ஏத்தோணுங்க. அதான் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

உடைத்த தேங்காய் காத்திருக்காது. வெயில் இருந்தால் களத்தில் பரப்பலாம். அந்த வாரம் அடைமழைக்கு முந்தைய இருட்டு. மாலைக்குள் உலர்த்தியில் ஏற்றாவிட்டால் மறுநாள் தேங்காய்ப் பருப்பின் மேல் வழவழப்பு வரும், அதற்கடுத்த நாள் பூசணம் வரும். எழுபத்தெட்டு டிகிரியில் ஏற்றினால் வெளிப்புறம் கருகி உள்ளே ஈரம் நிற்கும். ஆகவே அன்று மாலைக்குள் அந்த உலர்த்தி அறுபத்தைந்தில் நின்றாக வேண்டும். வேறு வழி இல்லை.

அந்த மாடலில் வெப்பத்தைக் கூட்டவோ குறைக்கவோ வெளியே பொத்தான் கிடையாது. வாடிக்கையாளர்கள் அவசரப்பட்டுக் கூட்டிவிடுகிறார்கள் என்பதால் அந்த எண்ணை நிரலுக்குள்ளேயே வைத்திருந்தோம். மூன்று வாரங்களுக்கு முன் அதை அறுபத்தைந்து என்று மாற்றியவன் நான். மாற்றியது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

2. அளவுக் கோப்பு

இந்தத் தொழிலுக்குப் புதியவர்களுக்காக இந்த இடத்தில் சற்று நிற்கிறேன்.

ஒரு நிரலை ஒரே கோப்பில் எழுதுவதில்லை. பலருக்கும் பல இடங்களிலும் தேவைப்படும் எண்களையும் பெயர்களையும் தனிக் கோப்பில் எழுதி வைப்போம். அதற்கு ஹெட்டர் கோப்பு என்று பெயர். எங்கள் அலுவலகத்தில் வரம்பு எண்கள் எல்லாம் இருந்த ஹெட்டர் alavu.h. நிரலின் தலையில் இப்படி ஒரு வரி இருக்கும்:

#include "alavu.h"

இந்த வரியில் கோப்பின் பெயர் மட்டுமே உண்டு. அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற தகவல் இல்லை. கம்பைலர், அதாவது நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள், முதலில் நிரல் இருக்கும் ஃபோல்டரிலேயே தேடும். அங்கே இல்லையென்றால் நாம் கொடுத்திருக்கும் ஃபோல்டர் பட்டியலை எடுத்து வரிசையாகத் தேடிக்கொண்டு போகும். அந்தப் பெயரில் முதலில் எது அகப்படுகிறதோ அதை எடுத்துக்கொள்ளும். பின்னால் அதே பெயரில் எத்தனை இருந்தாலும் கவலைப்படாது.

நாம் நிரலைத் திறந்து திருத்தும் எடிட்டரும் இதே வேலையைச் செய்யும். அந்தப் பெயரின் மேல் கர்சரை வைத்து இரண்டு விசைகளைத் தட்டினால் கோப்பு திறந்துகொள்ளும். ஆனால் எடிட்டர் தேடுவது தன்னுடைய பட்டியலில். அந்தப் பட்டியல் அதன் செட்டிங்ஸ் கோப்பில் இருக்கும். கம்பைலரின் பட்டியல், கம்பைலரை ஓட்டும் ஆணைகள் உள்ள பில்ட் கோப்பில் இருக்கும். என்னைப் போன்று பழைய எடிட்டரை வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டு பட்டியல்களும் ஒன்றையொன்று அறியாதவை.

இந்த உண்மை எனக்குப் பாடமாகத் தெரியும். முதுகலையில் கம்பைலர் வடிவமைப்பு படித்தவன். இருந்தும் இருபது ஆண்டுகளில் ஒரு நாள்கூட என் எடிட்டர் தவறான கோப்பைத் திறந்ததில்லை. அதனால் அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை.

3. மரியாதையின் பதினோரு பிரதிகள்

எங்கள் அலுவலகத்தில் alavu.h ஒன்றல்ல, பதினொன்று இருந்தன. அதற்குக் காரணம் மரியாதை.

ஒருவர் எழுதிய கோப்பில் இன்னொருவர் கை வைப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. எழுதியவர் மூத்தவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். அவருடைய எண் நமக்குப் பொருந்தவில்லை என்றால், பொருந்தவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம். அந்தக் கோப்பைப் பிரதி எடுத்து, நம் பெயரில் உள்ள ஃபோல்டரில் வைத்து, அங்கே மாற்றிக்கொள்வோம். என்னுடன் வேலை பார்க்கும் சண்முகத்தின் ஃபோல்டரில் ஒரு alavu.h இருந்தது. வேலையை விட்டுச் சென்று ஆறு ஆண்டான ஒருவருடைய ஃபோல்டரிலும் ஒன்று இருந்தது. வெளியூரிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்த ஓர் இளைஞர், இது என்ன முறை என்று கூட்டத்தில் கேட்டார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. மறுவாரம் அவருக்கும் ஒரு ஃபோல்டர் ஒதுக்கித் தந்தார்கள்.

முதல் alavu.h-ஐ எழுதியவர் வசந்தா. அவர் என்னைவிட இரண்டு ஆண்டு முன்னதாக அந்த நிறுவனத்தில் சேர்ந்தவர். வயதில் நான் மூத்தவன், பணியில் அவர் மூத்தவர். ஆகவே திருமணத்துக்குப் பிறகும் அலுவலகத்தில் நான் அவரை மேடம் என்றும் அவர் என்னை சார் என்றும் அழைத்துக்கொண்டோம். ஆர்.எஸ்.புரத்திலிருந்து ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கி, வாசலைத் தாண்டியதும் இந்த மாற்றம் நிகழ்ந்துவிடும். மற்றவர்களுக்கு அது பெரிய வேடிக்கை.

அவருடைய கோப்பைப் பிரதி எடுக்காமல் நேரடியாகத் திருத்தும் சலுகை எனக்கு மட்டும் இருந்தது. அதுவும் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

"மேடம், உங்க அளவு ஃபைல்ல ஒரு நம்பர் மாத்தோணும்."

"எதுக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க சார். பார்த்துட்டுச் சொல்றேன்."

"ஊட்டுக்குப் போய்ச் சொன்னா ஆகாதுங்களா?"

"ஊட்டுல ஆபீஸ் பேச்சு பேசக்கூடாதுன்னு சொன்னது நீங்கதானுங்க சார்."

சண்முகம் இதைக் கேட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார். நான் காகிதத்தில் எழுதிக் கொடுப்பேன். வசந்தா அதைப் படித்து, ஓரத்தில் சரி என்று குறித்துத் திருப்பித் தருவார்.

கொப்பரைக்கு வசந்தாவின் கோப்பில் இருந்த எண் அறுபத்தெட்டு. செல்லமுத்து தரமான வெள்ளைக் கொப்பரை வேண்டும் என்றதால் அதை அறுபத்தைந்தாக்கினேன். யாரிடமும் கேட்காமல் அந்தக் கோப்பில் நான் செய்த முதல் திருத்தம் அதுதான்.

4. தங்கவேலுவிடம் நான் பேசிய விதம்

செல்லமுத்துவின் அழைப்பு முடிந்ததும் எடிட்டரைத் திறந்தேன். கர்சரை வைத்து விசையைத் தட்டினேன். கோப்பு திறந்தது. அறுபத்தைந்து என்றே இருந்தது. ஐயத்துக்கு இடமில்லாமல் மீண்டும் ஒரு பில்ட் எடுத்து, அதாவது நிரலை எந்திர மொழிக்கு மாற்றி, எங்கள் சர்வீஸ் டெக்னீஷியன் தங்கவேலுவுக்கு அனுப்பினேன். அவர் அன்று பொள்ளாச்சியில் இருந்தார். பேருந்து ஏறிப் பன்னிரண்டு மணிக்கெல்லாம் உடுமலை போய்ச் சேர்ந்துவிட்டார். நிரலைக் கன்ட்ரோலரில் ஏற்றி, காய் போடாமல் வெறும் உலர்த்தியை ஓடவிட்டுப் பார்த்தார்.

அறுபத்தைந்தில் நிற்கவில்லை. எழுபத்தெட்டில் நின்றது.

சென்சார் தவறாகக் காட்டலாம் என்றேன். தனித் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். சென்சார் சரி. அடுத்து, பழைய நிரலையே ஏற்றியிருக்கிறீர்கள், கோப்பைச் சரியாகப் பார்த்து ஏற்றுங்கள் என்றேன். இரண்டாம் முறை ஏற்றினார். அதே எழுபத்தெட்டு. மூன்றாம் முறை நான் சொன்ன சொற்களை இங்கே எழுத விரும்பவில்லை. பதினெட்டு ஆண்டாகத் தெரிந்த ஒருவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தங்கவேலு குரலை உயர்த்தவில்லை.

"நீங்க அனுப்புனதத்தானுங்க சார் மூணு வாட்டியும் போட்டேன். நான் வேணா போட்டோ எடுத்து அனுப்பட்டுங்களா?"

அனுப்பினார். நான் அனுப்பிய கோப்பின் பெயரும் நேரமும் அதில் தெளிவாக இருந்தன. மணி இரண்டு. பின்னணியில் ஒரு தார்ப்பாயின் மேல் உடைத்த தேங்காய்கள் வெள்ளையாகத் தெரிந்தன. ஓரத்தில் செல்லமுத்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

5. இரண்டு திரைகள்

எனக்கு அடுத்த மேசையில் கீர்த்தனா இருந்தார். நான்கு ஆண்டு அனுபவம் உள்ளவர், நல்ல பொறியாளர். நான் தங்கவேலுவிடம் பேசியதை அவர் கேட்டிருக்க வேண்டும். எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். திரும்பிப் போனார். மறுபடி வந்தார்.

என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க சார். அந்த அளவு ஃபைல என்னோட மெசின்ல ஒருக்கா தொறந்து பார்க்கலாங்களா?"

அவர் எடிட்டர் புதிய வகை. கம்பைலர் எந்தப் பட்டியலைப் பயன்படுத்துகிறதோ அதையே கேட்டு வாங்கித் தேடும். அவர் திரையில் அதே நிரல், அதே வரி. கர்சரை வைத்து விசையைத் தட்டினார். alavu.h திறந்தது. எழுபத்தெட்டு.

நான் என் மேசைக்கு வந்து அதே வரியில் தட்டினேன். அறுபத்தைந்து.

ஒரே வரி, ஒரே பெயர், ஒரே சர்வர். இரண்டு எண்கள். என் திரையின் அடியில் கோப்பின் முழு முகவரி தெரிந்தது. அதில் vasantha என்ற சொல் இருந்தது. அதை நான் காணாமல் இல்லை. இருபது ஆண்டுகளாக அந்தக் கோப்பு அந்த ஃபோல்டரிலிருந்துதான் திறந்துகொண்டிருந்தது. அது அங்கே இருப்பது எனக்கு இயல்பாகப் பட்டது.

"மேடம் ஃபோல்டர் பில்ட் லிஸ்டிலதானே இருக்கு?" என்று கேட்டேன்.

கீர்த்தனா என் மேசைக்கு வந்தார். மெல்லச் சொன்னார், "அதுல ஒரு தப்பு வரி எழுதிப் பாருங்க சார்."

இது எங்கள் தொழிலில் பழைய சோதனை. ஒரு கோப்பைக் கம்பைலர் படிக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், பொருளில்லாத ஒரு வரியை அதில் எழுதிப் பில்ட் எடுக்க வேண்டும். படித்தால் கம்பைலர் அந்த வரியில் தடுக்கி நின்று பிழை சொல்லும். படிக்கவில்லை என்றால் ஒன்றும் நடக்காது.

வசந்தாவின் கோப்பில் முதல் வரிக்கு மேல் நான்கைந்து எழுத்துகளை அர்த்தமில்லாமல் தட்டினேன். அவர் கோப்புகளில் ஓர் இடைவெளிகூடப் பிசகி இருக்காது. சேமித்தேன். பில்ட் எடுத்தேன்.

பதினோரு நொடியில் முடிந்தது. பிழை பூஜ்யம். எச்சரிக்கை பூஜ்யம்.

முப்பத்தைந்து ஆண்டுப் பணியில் பிழை வர வேண்டும் என்று நான் எதிர்பார்த்துக் காத்திருந்த பில்ட் அது ஒன்றுதான். எழுதிய எழுத்துகளை அழித்துவிட்டு மீண்டும் சேமித்தேன்.

6. சண்முகம் சொன்னது

சண்முகம் எங்கள் பிரிவின் தலைவர். இருபத்தைந்து ஆண்டாக என்னை அண்ணா என்று அழைப்பவர். அவர் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு தண்ணீர் குடித்தார்.

நான் விடுப்பில் இருந்தபோது ஒரு பெரிய வாடிக்கையாளர் தணிக்கைக்கு வந்திருக்கிறார். ஒரே பெயரில் பதினோரு கோப்புகள் இருப்பதைப் பார்த்து, பதினைந்து நாளில் ஒன்றாக்குங்கள் என்று சொல்லிப் போயிருக்கிறார். எல்லோரும் உட்கார்ந்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். எண்கள் முரண்பட்ட இடங்களில் எதை எடுப்பது என்ற கேள்வி வந்தபோது, மூத்தவருடைய எண்ணை எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் வேறு முடிவு வந்திருக்க முடியாது.

"அப்படிப் பார்த்தா மேடத்தோட நம்பர்தானே வந்திருக்கோணும்?" என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மேடத்தோட ஃபோல்டரத் தொறக்க ஒருத்தருக்கும் மனசு வரலீங்ணா. பத்தைத்தான் சேர்த்தோம். உங்களுக்குத் தனி ஃபைல் கெடையாது, அடுத்த சீனியர் நானு. எழுவத்தெட்டு என்னோட நம்பருங்க. வேற டிரையருக்கு வெச்சது."

பொதுக் கோப்பு உருவானதும் கம்பைலரின் பட்டியலிலிருந்து எல்லோருடைய ஃபோல்டர்களையும் எடுத்துவிட்டார்கள். ஃபோல்டர்களையும் அழித்துவிட்டார்கள், வசந்தாவுடையதைத் தவிர. எடிட்டரின் செட்டிங்ஸ் கோப்பில் ஒருவரும் கை வைக்கவில்லை. அது வசந்தா எழுதியது. அலுவலகத்தில் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் எப்போதோ புதிய எடிட்டருக்கு மாறிவிட்டார்கள்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே சண்முகம்."

"எப்படீங்ணா சொல்றது? மேடம் பேரை லிஸ்டிலிருந்து எடுத்துப்போட்டோம்னு, வந்த அன்னைக்கேவா சொல்றது? நீங்க வந்து உக்காந்து அந்த ஃபைலத் தொறக்கறதப் பார்த்தோம். கீர்த்தனா பார்த்துட்டு வந்து எங்கிட்டச் சொல்லுச்சு. நாளைக்குச் சொல்லிக்கலாம்னேன். அப்படியே நாலு வாரமாப் போச்சுங்க."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தாலும் அதற்கு நேரம் இல்லை, மணி இரண்டே முக்கால்.

7. பொழுதுக்குள்

சரிசெய்தல் எளிது. சண்முகத்தின் உலர்த்திக்கு ஒரு வரி, கொப்பரை உலர்த்திக்கு ஒரு வரி எனப் பொதுக் கோப்பில் இரண்டாகப் பிரித்தோம். முதன்முறையாக ஒரு கோப்பில் மூன்று பேர் ஒரே நேரத்தில் கை வைத்தோம். கம்பைலரிடம் எந்தெந்த ஹெட்டர்களை எடுத்தாய் என்று கேட்கும் ஆணை ஒன்று உண்டு. அதைக் கொடுத்து, வரிசையாக வந்த முகவரிகளை ஒவ்வொன்றாகப் படித்தோம். கீர்த்தனா சத்தமாகப் படித்தார், நான் திரையில் விரல் வைத்துச் சரிபார்த்தேன். மூன்றரைக்கு அனுப்பினோம்.

அனுப்பும் முன் தங்கவேலுவை அழைத்து, தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் "அதெல்லாம் விடுங்க சார், ஃபைல அனுப்புங்க" என்றார். நான் விடவில்லை, முழுதாகச் சொல்லி முடித்தேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "மேடம் இருந்திருந்தா உங்கள நல்லா ஓட்டியிருப்பாங்க சார்" என்றார்.

நாற்பது நாள் விடுப்பு, அதன்பின் நான்கு வாரம். அத்தனை நாளில் என்னிடம் வசந்தாவைப் பற்றி ஒருவர் சாதாரணமாகப் பேசியது அதுவே முதல் தடவை. இரங்கல் சொன்னவர்கள் பலர். அவர் இன்னும் பக்கத்து அறையில் இருப்பதைப் போல இப்படி ஒரு கேலி சொன்னவர் ஒருவரும் இல்லை.

ஆமாம், ஓட்டியிருப்பார் என்றேன்.

நான்கு ஐம்பதுக்குத் தங்கவேலு அழைத்தார். அறுபத்து மூன்று, அறுபத்து நான்கு என்று எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். கைபேசியை மேசைமேல் ஸ்பீக்கரில் வைத்திருந்தோம். அறுபத்தைந்து என்றார். பிறகு அறுபத்தைந்து. மீண்டும் அறுபத்தைந்து. பின்னால் செல்லமுத்து யாரையோ கூடையை எடுக்கச் சொல்லும் சத்தம் கேட்டது. ஏழு மணிக்குள் பன்னிரண்டாயிரம் காயும் உலர்த்திக்குள் போய்விட்டன.

அந்தச் சனிக்கிழமை நானே உடுமலைக்குப் போனேன். கொப்பரை வெள்ளையாக வந்திருந்தது. செல்லமுத்து ஒரு துண்டை ஒடித்துக் கையில் கொடுத்தார். சிவந்துபோன முதல் பாரத்தை எண்ணெய்க்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். எழுபத்தெட்டு என்று எப்போது முதலில் பார்த்தீர்கள் என்று கேட்டேன். திங்கட்கிழமை மதியமே பார்த்துவிட்டாராம்.

"அப்பவே கூப்பிட்டிருந்தா அந்த லோடும் தப்பிச்சிருக்குமே?"

"இல்லீங்க சார். உங்க ஊட்டுல துக்கம்னு தங்கவேலு சொல்லியிருந்தாப்ல. இந்த நேரத்துல போயி மிசினு மிசினுன்னு எதுக்குத் தொந்தரவு பண்ணோணும்னு இருந்துபோட்டேனுங்க."

அவரும் அதையே செய்திருந்தார். எல்லோரும் என் மேல் வைத்த அன்பினால் ஒரு பாரம் கொப்பரை சிவந்தது.

8. செட்டிங்ஸ் கோப்பு

திங்கட்கிழமை அலுவலகம் போனதும் முதல் வேலையாக என் எடிட்டரின் செட்டிங்ஸ் கோப்பைத் திறந்தேன். வசந்தாவின் ஃபோல்டரை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். கீர்த்தனா தான் செய்து தருவதாகச் சொன்னார். சண்முகமும் சொன்னார். நானே செய்கிறேன் என்றேன்.

இருபது ஆண்டாக அன்றாடம் பயன்படுத்திய கோப்பு. நான் அதைத் திறந்ததே இல்லை. அது அவருடையது, நன்றாக வேலை செய்தது, அதற்குமேல் நான் எதுவும் கேட்டதில்லை. நூற்று நாற்பது வரி இருந்தது. ஃபோல்டர் பட்டியல் நடுவில் இருந்தது. பட்டியலுக்கு மேலே நான்கு வரிக் குறிப்பு. அந்தக் காலத்து எடிட்டரில் தமிழ் எழுத்து வராது என்பதால் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். தமிழில் தருகிறேன்:

"இந்த லிஸ்டும் பில்ட் லிஸ்டும் எப்பவும் ஒண்ணா இருக்கோணும். ஒண்ணை மாத்தினா இன்னொண்ணையும் அன்னைக்கே மாத்துங்க. மாதம் ஒண்ணாந்தேதி நான் பார்த்துக்கறேன். நான் லீவுல இருந்தா நீங்க பாருங்க, மறந்துபோட்டு அப்புறம் எடிட்டரத் திட்டாதீங்க."

அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, புதிய ஃபோல்டர் ஏதும் பில்ட் பட்டியலில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, அதைக் கையால் என் எடிட்டரின் பட்டியலிலும் அதே இடத்தில் சேர்த்துவந்திருக்கிறார். மற்றவர்கள் எடிட்டர் மாறிய பிறகும் எனக்காக மட்டும் சேர்த்துவந்திருக்கிறார். என் எடிட்டர் இருபது ஆண்டாகத் தவறாத காரணம் அதுதான். ஒரு முறைகூட என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அவர் எழுதியபடியே இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டேன். அவருடைய ஃபோல்டரின் வரியை நீக்கினேன். பிறகு கீர்த்தனாவின் உதவியோடு, எடிட்டர் தனக்கென ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளாமல் பில்ட் பட்டியலையே படிக்கும்படி மாற்றினேன். இனி முதல் தேதி எவரும் எதையும் சரிபார்க்க வேண்டியதில்லை.

இளைய பொறியாளர்களுக்கு இந்த அனுபவத்திலிருந்து நான் சொல்லக்கூடியவை சில. உங்கள் எடிட்டர் திறந்து காட்டும் கோப்புதான் எந்திரத்துக்குள் போகிறது என்று நம்பாதீர்கள், கம்பைலரைக் கேளுங்கள். ஐயம் வந்தால் தவறான ஒரு வரியை எழுதிச் சோதியுங்கள். ஒரே பெயரில் இரண்டு கோப்புகளை வைக்காதீர்கள். ஒரு பட்டியல் போதுமான இடத்தில் இரண்டை வைக்காதீர்கள். அடுத்தவர் தவறான கோப்பில் வேலை செய்வதைப் பார்த்தால், அவர் எந்த நிலையில் இருந்தாலும், அன்றே சொல்லிவிடுங்கள். நான் தாங்கியிருப்பேன். சண்முகத்திடமும் கீர்த்தனாவிடமும் இதைச் சொன்னேன். அடுத்த நாள் தேநீர் நேரத்தில் சண்முகம், நான் ஒரு நம்பர் மாற்றுவதற்குப் பேப்பர் எழுதிக் கொடுத்த கதையைப் புதிதாக வந்தவர்களுக்கு நடித்துக் காட்டினார். வசந்தாவின் குரல் அவருக்குச் சரியாக வரவில்லை. நான் திருத்தினேன்.

அந்த நான்கு வரிக் குறிப்புக்கு இப்போது வேலை இல்லை. அது ஒன்றாக வைக்கச் சொன்ன இரண்டு பட்டியல்களும் ஒரே பட்டியலாகிவிட்டன. முறைப்படி நீக்கியிருக்க வேண்டும். குறிப்பு வரியை எடிட்டர் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும், அதனால் எந்தத் தவறும் நேராது. கீர்த்தனா, இதை எடுத்துவிடலாமா என்று என்னிடம் நேராகக் கேட்டார். கேட்டது எனக்கு மகிழ்ச்சி. வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.